ஆர்பிட் ரீடர் 20: இருபது கட்டத்தில் தமிழ்

பத்து வருடமாக, கணினித் திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் குரலை நம்பியே ஓட்டியவன் நான். அந்தக் குரலுக்கு ல, ள, ழ எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காதால் கேட்டு அடித்ததில் ஒரு கடிதம் முழுக்க "பல்லிக் கல்வித் துறை" என்று போய்விட்டது, யாரும் சொல்லவும் இல்லை. அப்புறம்தான் ஆர்பிட் ரீடர் 20 வாங்கினேன். இது ஒரு பிரெயில் டிஸ்ப்ளே, எழுத்தை விரலால் தடவிப் படிக்கிற புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி. புள்ளிகள் இடம், வலம் என்று இரண்டு வரிசையாக நிற்கிற இடம் ஒரு கட்டம், இதில் அப்படி இருபது. ல என்றால் இடது பக்கம் மூன்று புள்ளி, ள என்றால் வலது பக்கம் மூன்று, ழ-வுக்கு இடது மூன்றோடு வலது பக்கம் கீழே இரண்டு. விரல் ஏமாறாது.

வழக்கமான பிரெயில் டிஸ்ப்ளேயில் புள்ளியைத் தூக்குவது மின்சாரம் பட்டால் வளைகிற பீசோ பட்டை. விலை எகிறுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் சேர்ந்து, பீசோ இல்லாமல் மலிவாக ஒன்று வேண்டும் என்று பணம் போட்டதில் வந்தது இந்தக் கருவி. அமெரிக்காவில் முதலில் 449 டாலருக்கு விற்றார்கள். நமக்கு அதுவும் சின்னத் தொகை இல்லைதான், ஆனாலும் மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ தேவலை.

புள்ளி எழும்பினால் பூட்டிக்கொண்டு நிற்கும், அழுத்தினால் அமுங்காது, கெட்டித் தாளில் படிக்கிற மாதிரியே இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கர்சரை நினைத்த எழுத்துக்குக் கொண்டுபோகிற பொத்தான்கள் கிடையாது, அதனால் திருத்தும் வேலைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இருபது கட்டம் தமிழுக்குப் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிக் கட்டம் (அதுவும் எழுத்துக்கு முன்னால் வரும்), உயிர்க்குறிக்குத் தனிக் கட்டம். "பள்ளிக் கல்வித் துறை" என்று மூன்று சொல் எழுதினால் இடைவெளியோடு சரியாக இருபதும் தீர்ந்துவிடுகிறது, எண்ணிப் பார்த்தேன்! ஒரு பத்தி படிப்பதற்குள் கட்டைவிரல் ஓயாமல் வரியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எஸ்டி கார்டில் தமிழ்க் கோப்பை அப்படியே போட்டால் படிக்க வராது, கணினியில் பிரெயிலாக மாற்றித்தான் போட வேண்டும். எனக்கு விற்ற ஆள் இதைச் சொல்லவே இல்லை, இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கணினியில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை, தமிழ் பிரெயில் அதிலேயே இருக்கிறது, காசும் கிடையாது.

வரி மாறும்போது சரசரவென்று சத்தம் வரும், புள்ளிகள் எழுந்து நிற்க ஒரு நொடி போலப் பிடிக்கும், இதன் அமைப்பே அப்படி. ராத்திரி படிக்க எனக்கு விளக்கு வேண்டாம், பக்கத்தில் தூங்குகிறவர் வெளிச்சத்தில் விழிக்கப்போவதும் இல்லை. ஆனால் இந்தச் சரசரப்புக்கு எழுந்துவிடுகிறார், அதனால் பதினோரு மணிக்கு மேல் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.