கோல்கீப்பர் தடுமாறினால்: ஓய்வா, கூடுதல் பயிற்சியா?

எழும்பூர் ஹாக்கி மைதானப் பக்கம் பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: ஓய்வுக்கு ஒன்றுமில்லை. பயிற்சிக்கு டர்ஃப் (செயற்கைப் புல்தரை) நேரமும் பந்தடிக்க ஓர் ஆளும் வேண்டும்.

உடம்பு: சென்னை மே வெயிலில் ஹெல்மெட், கால் பேட், நெஞ்சுக்கவசத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் என்பது கொடுமை. களைப்பில் கால் தாமதமாகும். அதையே ஃபார்ம் போச்சு என்று நினைத்துவிடுவார்கள்.

மனசு: 3.66 மீட்டர் அகலக் கோலில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு, விட்ட கோல்தான் நினைவிருக்கும். ஓய்வு அதை மறக்கடிக்கலாம், வீட்டில் உட்கார்ந்து அசைபோடவும் வைக்கலாம். பயிற்சி என்றால் டிராக் ஃபிளிக்கை (மட்டையால் பந்தை இழுத்து வேகமாகச் சுண்டும் அடி) அப்புறம் பார்க்கலாம். எளிய பந்துகளில் தொடங்கட்டும்.

மைதானத்துக்கு வரவே முகம் சுளித்தால் ஒரு வாரம் ஓய்வு. ஒரே பக்கம், ஒரே மாதிரி கோல் வாங்கினால் பயிற்சி. வலி இருந்தால் முதலில் பிசியோ.