பழைய போர்ப் பலகை ஆட்டங்கள்: பல வருடம் ஆடிய பிறகு

ரிஸ்க் நல்ல ஆட்டமா என்று இன்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட மனம் வருவதில்லை. பழைய போர் வியூக ஆட்டங்கள் எல்லாவற்றிலும் எனக்கு இந்தச் சிக்கல் உண்டு. மூடியைத் திறந்ததும் வரும் சந்தோஷம் ஒன்று, மூன்றாவது மணி நேரத்தில் ஆட்டம் தாக்குப்பிடிக்கிறதா என்பது இன்னொன்று. பழைய ஞாபகத்துக்கு மதிப்பெண் போடாமல், ஆடிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ரிஸ்க்கை உருவாக்கியவர் ஆல்பெர் லாமொரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர், வெளிவந்தது 1957-ல். ஆறு கண்டங்கள், 42 பகுதிகள். தாக்குபவர் மூன்று பகடை வரை உருட்டலாம், காப்பவர் இரண்டு வரை, எண் சமமானால் காப்பவருக்கு வெற்றி. இதைக் கேட்டதும் பலரும் காப்பதுதான் லாபம் என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றுக்கு இரண்டு என்று உருட்டும்போது காப்பவர் இரண்டு படையையும் இழக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம், தாக்குபவர் இரண்டையும் இழப்பது 29. மிச்சத்தில் ஆளுக்கு ஒன்று போகும். அதாவது பெரும்படை வைத்திருப்பவன் அடித்துக்கொண்டே போவதுதான் சரி. இது தெரிந்தும் எல்லோரும் ஆஸ்திரேலியாவில் போய் ஒண்டிக்கொள்வோம். நான்கே பகுதிகள், ஒரே வாசல், சுற்றுக்கு இரண்டு படை இனாம். ஆசியாவைப் பிடித்தால் ஏழு கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள்; பன்னிரண்டு பகுதிகளை அத்தனை எல்லைகளோடு ஒரு சுற்று முழுக்கக் கையில் வைத்திருந்தவரை நான் பார்த்தது குறைவு.

ஆட்டத்தைக் கெடுப்பது, மூன்று கார்டைத் தொகுப்பாகக் கொடுத்துப் படை வாங்கும் முறை. முதல் தொகுப்புக்கு 4 படை, அடுத்து 6, 8, 10, 12, 15, பிறகு ஐந்தைந்தாகக் கூடும். கடைசிக் கட்டத்தில் பலகையில் யார் எங்கே நிற்கிறார் என்பதற்கு அர்த்தமே இருக்காது. யார் கையில் மூன்று கார்டு இருக்கிறது என்பதுதான் பேச்சு. முதலில் வெளியேறியவர் மற்றவர்கள் முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்ட்ராட்டிகோ இன்றைக்கும் பழுதில்லாமல் ஓடுகிறது. ஆளுக்கு நாற்பது காய், எதிராளிக்கு முதுகு மட்டுமே தெரியும். உச்சப் பதவிக் காயான மார்ஷலை ஒற்றன் முந்திக்கொண்டு தொட்டால் மார்ஷல் காலி. வெடிகுண்டை எடுக்க மைனர் (சுரங்கம் தோண்டுபவர்) காயால் மட்டுமே முடியும். அடுக்குவதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். கொடியை மூலையில் வைத்துச் சுற்றிலும் குண்டு போடுகிறவர்களை இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், அது வேறு விஷயம்.

என் மேசையில் அதிக நேரம் கிடந்தது இரண்டாம் உலகப் போர் ஆட்டமான ஆக்ஸிஸ் அண்ட் அலைஸ். லாரி ஹாரிஸ் வடிவமைத்து, 1981-ல் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட்டது. 1984-ல் மில்டன் பிராட்லி பிளாஸ்டிக் டாங்கி, கப்பல், விமானமெல்லாம் போட்டுப் பெரிய பெட்டியாகக் கொண்டுவந்தது. நான் சொல்வது அந்தப் பெட்டியை. 1942 வசந்த காலத்தில் போர் தொடங்கும். சோவியத் யூனியன், ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா என்ற வரிசையில் சுற்று போகும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஐபிசி என்ற உற்பத்திப் பணம். தொடக்க வருமானம் நேச நாடுகளுக்கு மொத்தம் 90, அச்சு நாடுகளுக்கு 57. ஜெர்மனியும் ஜப்பானும் சேர்ந்து 84-ஐத் தொட்டுவிட்டால் பொருளாதார வெற்றி என்று ஆட்டம் முடியும். இந்த மூன்று எண்ணும் மண்டையில் ஏறிவிட்டால் ஆட்டம் புரிந்துவிடும்: நேரம் நேச நாடுகளின் பக்கம், அச்சு நாடுகளுக்கு அவசரம்.

புதிதாக ஆடுகிறவர்கள் போர்க்கப்பலைப் பார்த்து மயங்குவார்கள். ஒரு போர்க்கப்பல் 24 ஐபிசி. அதே பணத்துக்கு எட்டுக் காலாட்படை வரும். டாங்கி 5, காலாட்படை 3. பதினைந்து ஐபிசிக்கு மூன்று டாங்கி வாங்கித் தாக்கினால், ஒவ்வொன்றும் 3 அல்லது அதற்குக் கீழே உருட்ட வேண்டும். சராசரியாக ஒன்றரை அடி விழும். அதே பதினைந்துக்கு ஐந்து காலாட்படை நின்று காத்தால், ஆளுக்கு 2 என்று ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலேயே திருப்பி அடிக்கும். அதோடு அதற்கு ஐந்து உயிர், டாங்கிக்கு மூன்று. யார் சாவது என்று தேர்ந்தெடுப்பது சொந்தக்காரர்தான் என்பதால், டாங்கி வாங்குகிறவரும் முன்னால் சாகக் காலாட்படை சேர்த்தே ஆகவேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் இரண்டு பக்கமும் காலாட்படை குவிந்து, இடம் போதாமல், எண்ணிக்கை காட்டும் பிளாஸ்டிக் வில்லைகளை அடுக்கி அதன் மேல் ஒரே ஒரு சிப்பாயை நிறுத்தி வைத்திருப்போம். யார் முதலில் கை வைப்பது என்று இருவரும் பல சுற்றுகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சலிப்பு என்று சிலர் சொல்வது நியாயம்தான். எனக்கோ அந்தக் காத்திருப்புதான் ஆட்டத்தின் ருசி.

குறை இல்லாமல் இல்லை. ஆயுத ஆராய்ச்சி விதி வெறும் சூதாட்டம்: 5 ஐபிசி கட்டி ஒரு பகடை, 6 விழுந்தால் புதுத் தொழில்நுட்பம். கனரகக் குண்டுவீச்சு விமானம் கிடைத்துவிட்டால் ஒரு விமானத்துக்கு மூன்று பகடை. அதோடு ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். எங்கள் மேசையில் அந்த விதியைத் தூக்கிவிட்டோம். முதல் சுற்றில் சோவியத் தாக்கக்கூடாது என்றும் வைத்துக்கொண்டோம். பலரும் இதே திருத்தத்தோடுதான் ஆடுகிறார்கள்.

பழைய ஆட்டங்களில் இன்னொரு வகை, அட்டைக் காயும் அறுகோணக் கட்டமும். சார்ல்ஸ் ராபர்ட்ஸ் 1954-ல் டாக்டிக்ஸ் ஆட்டத்தைச் சொந்தமாக வெளியிட்டு, 1958-ல் அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சதுரக் கட்டம்தான். 1961 வாக்கில் அறுகோணம் வந்தது. சதுரத்தில் மூலைவிட்டமாகப் போனால் தூரம் கூடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம், அதனால் நகர்வுக் கணக்கில் ஏமாற்ற முடியாது.

நான் திரும்பத் திரும்பப் போவது, இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டையை வைத்து 1964-ல் வந்த ஆப்ரிக்கா கோர். தாக்கும் பலத்தைக் காக்கும் பலத்தால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டு விகிதம் எடுத்து, பகடை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்க்க வேண்டும். 12-க்கு 4 என்றால் மூன்றுக்கு ஒன்று. 11-க்கு 4 என்றால் இரண்டுக்கு ஒன்றுதான், ஒரு புள்ளிக் குறைவுக்கு மொத்தத் தாக்குதலும் ஆட்டம் காணும். அந்த ஒரு புள்ளியைத் தேடி எந்தப் படையை எங்கிருந்து இழுப்பது என்று மேசையைச் சுற்றிச் சுற்றி வருவோம். ஒட்டி நிற்கும் எதிரிகள் எல்லோரையும் தாக்கியே ஆகவேண்டும் என்பதால், ஒரு முனையில் நல்ல விகிதம் கிடைக்க இன்னொரு முனையில் ஒரு சிறுபடையைத் தெரிந்தே பலிகொடுக்க வேண்டிவரும். ஜெர்மன் தளபதி ரோம்மலுக்குத் தனிக் காய். அவரைத் தொட்டுக்கொண்டு போகும் படைக்கு இரண்டு கட்டம் கூடுதல் நகர்வு. ஆனால் சப்ளை காய் இல்லாமல் ரோம்மலாலும் தாக்க முடியாது. அது வருவதும் கடலில் மூழ்குவதும் பகடை கையில். எகிப்து வாசலில் நின்றுகொண்டு சப்ளைக்காகக் காத்திருக்கும்போது, பாலைவனப் போரில் பெட்ரோலும் தண்ணீரும்தான் தளபதி என்பது புரியும்.

லிபியாவின் தோப்ருக் துறைமுகத்தின் தலைவிதி பெரும்பாலும் ஒற்றை உருட்டலில் முடிந்துவிடுகிறது. இந்த ஆட்டத்தின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுதான். அரை அங்குலக் காய்களும் தொல்லை. அடுக்கில் கீழே உள்ளதை எடுக்கச் சாமணம் வேண்டும், முனைகள் பிசிறடித்தால் நகவெட்டியால் நறுக்க வேண்டும், வரைபடத்தின் மடிப்பு எழும்பாமல் இருக்க மேலே ஒரு கண்ணாடித் தகடு. யாராவது தும்மினால் ஒரு படைப்பிரிவே காணாமல் போகும்.

இந்த வகையின் உச்சம் எஸ்பிஐ என்ற அமெரிக்க ஆட்ட நிறுவனம் 1979-ல் வெளியிட்ட வட ஆப்பிரிக்கப் போர் ஆட்டம். முழுதாக முடிக்க 1,500 மணி நேரம் என்பார்கள். இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனித் தண்ணீர் ஒதுக்கும் விதிகூட உண்டு. அந்தப் பக்கம் நான் போகவில்லை, போகவும் மாட்டேன்.

கணினியில் இதே போர்களை ஆடியிருக்கிறேன். அழகாக இருக்கிறது, சீக்கிரமும் முடிகிறது. ஆனால் தோற்றால் ஏன் தோற்றேன் என்று தெரிவதில்லை. விகிதமும் வானிலையும் எங்கோ உள்ளே கணக்காகி, முடிவு மட்டும் திரையில் வருகிறது. அட்டையில் ஆடும்போது அந்த இயந்திரம் நாம்தான். வகுத்தது நாம், அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தது நாம், அதனால் தோல்வியின் காரணம் எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்று காட்ட முடிகிறது. ஞாபகத்தில் நிற்பதும் அந்த வேலையால்தான் என்று நினைக்கிறேன்.

டிப்ளமசியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஏழு பேர், 34 மையங்கள், 18 பிடித்தால் வெற்றி, பகடையே கிடையாது, எல்லோரும் உத்தரவை எழுதி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அற்புதமான ஆட்டம். ஏழு பேரை ஒரு நாள் முழுக்க உட்காரவைப்பதுதான் பிரச்சினை; சாயங்காலம் அவர்களில் இருவர் பேசிக்கொள்ளாமல் கிளம்புவதும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆப்ரிக்கா கோரைக் கொடுத்தால் ஜெர்மன் பக்கத்தையே கொடுங்கள். பிரிட்டிஷ் பக்கத்தில் முதல் பாதி முழுக்கப் பின்வாங்குவதுதான் வேலை; வலுவான படைகள் வந்து சேர நாளாகும். ஆடிப் பழகியவர்களுக்கு மட்டுமே அதில் சுவாரசியம் இருக்கும்.