பிகிரிப்ட்: 9 வருஷம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

மூணு ப்ராஜெக்ட்ல லாகின் கோடு எழுதிருக்கேன், மொதல்ல பிஹெச்பி, அப்புறம் நோட் (ஜாவாஸ்க்ரிப்ட்ல சர்வர் எழுதுறது), இப்ப பைத்தான், மூணுலயும் பாஸ்வேர்டை ஹாஷ் பண்ண, அதாவது திருப்பி எடுக்க முடியாத குறியீடா மாத்தி வெக்க, பிகிரிப்ட் தான். 9 வருஷம் ஆச்சு, எழுதலாம்னு தோணுச்சு. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், பிகிரிப்ட்டால எனக்கு ஒரு நாள் கூட தூக்கம் போனதில்ல, போன தூக்கம் பூரா அத சுத்தி நான் எழுதுன கோடால போனது தான்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1999ல நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மசியேர்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது, வேணும்னே மெதுவா ஓடுற மாதிரி பண்ணது. எம்டி5, ஷா-1 மாதிரி பழைய ஹாஷ் எல்லாம் வேகமா ஓடணும்னு செஞ்சது, பாஸ்வேர்டுக்கு அந்த வேகம் தான் எமன், ஏன்னா டேட்டாபேஸ் வெளிய போயிடுச்சுன்னா திருடுனவன் ஒரு கிராபிக்ஸ் கார்டை வெச்சுக்கிட்டு செகண்டுக்கு கோடிக்கணக்குல அடிச்சுப் பாப்பான். 2012ல லிங்க்டுஇன்லேந்து வெளிய வந்த 65 லட்சம் ஹாஷும் சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடயும் சேக்குற தனித்தனி ரேண்டம் எழுத்து) இல்லாத ஷா-1, எவ்ளோ சீக்கிரம் உடைச்சாங்கன்னு அப்ப பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிகிரிப்ட்ல காஸ்ட்னு ஒரு நம்பர் இருக்கு, ஒண்ணு கூட்டுனா வேலை டபுள் ஆகும், 12ன்னா 4096 சுத்து. சால்ட்டையும் அதுவே போட்டு ஹாஷ் கூடவே ஒட்டி வெச்சிடும், நாம தனியா எங்கயும் வெக்க வேணாம். எனக்கு அதுல ரொம்ப புடிச்சதே இது தான்.

சரி, மொதல் அடி.

பிஹெச்பி ப்ராஜெக்ட் எனக்கு கைக்கு வரும்போது எல்லா பாஸ்வேர்டும் எம்டி5ல இருந்துச்சு. யாரையும் ரீசெட் பண்ண சொல்ல வேணாம், ஆள் லாகின் பண்ற நேரத்துல பழைய ஹாஷை செக் பண்ணி, சரின்னா கையில இருக்குற பாஸ்வேர்டை அப்பவே பிகிரிப்ட் பண்ணி மாத்தி வெச்சிடலாம்னு எழுதுனேன். எல்லாரும் பண்ற வழி தான், நல்ல வழியும் கூட. டெஸ்ட் சர்வர்ல லாகின் பண்ணேன், உள்ள போச்சு, சந்தோஷமா லைவ்ல போட்டுட்டேன். மறுநாள் சப்போர்ட்ல ஒரே கம்ப்ளெயின்ட், எல்லாரும் சொல்றது ஒரே மாதிரி, நேத்து உள்ள போனேன் இன்னிக்கு அதே பாஸ்வேர்டு தப்புன்னு வருது. ரீசெட் பண்ணி குடுத்தா, ரீசெட் பண்ண உடனே மறுபடி தப்புன்னு வருது. அரை நாள் கோடையே முறைச்சு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், கோடுல தப்பே இல்ல.

டேபிள்ல அந்த ஃபீல்டு வார்சார் 50, அதாவது 50 எழுத்துக்கு மேல புடிக்காது.

எம்டி5 ஹாஷ் 32 எழுத்து, அதுக்கு 50 தாராளம், யாரோ எப்பவோ போட்டு வெச்சது. பிகிரிப்ட் எழுதுறது 60 எழுத்து, முதல் 7 எந்த வகை எந்த காஸ்ட்னு சொல்றது, அடுத்த 22 சால்ட், மிச்சம் 31 தான் நிஜ ஹாஷ். அதுல கடைசி 10 எழுத்தை எங்க டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் சத்தமே போடாம வெட்டி எறிஞ்சிருக்கு, இந்த மாதிரி நேரத்துல எரர் குடுக்குற ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப்ல இருந்துச்சு (5.7லேந்து அது தானாவே ஆன்ல வரும், எங்க சர்வர்ல எவனோ வேலை மெனக்கெட்டு ஆஃப் பண்ணிருந்தான்). அதனால பழைய ஆள் மொதல் தடவை எம்டி5 வழியா உள்ள போறாரு, நாம அவரோட நல்ல ஹாஷை அழிச்சிட்டு குறைப்பிரசவ ஹாஷை எழுதுறோம், ரெண்டாவது தடவை கதவு மூடிக்கிச்சு. நான் டெஸ்ட்ல ஒரே ஒரு தடவை தான் லாகின் பண்ணிப் பாத்தேன். வெட்டுனது வெட்டுனது தான், திருப்பி எடுக்க வழியே இல்ல, அன்னிக்கு லாகின் பண்ண அத்தனை பேருக்கும் ரீசெட் மெயில் போச்சு. பிஹெச்பி டாக்குமென்டேஷன்லயே 255 வெச்சிக்கோன்னு எழுதிருக்கு, படிச்சாத்தானே.

ரெண்டாவது ப்ராஜெக்ட்ல பாஸ்வேர்டை செக் பண்ண கம்பேர்சிங்க்னு ஒரு ஃபங்ஷன் போட்டு நோட் சர்வரையே படுக்க வெச்சேன், காலையில எல்லாரும் ஒரே நேரத்துல லாகின் பண்ணா ஒவ்வொருத்தருக்கும் கால் செகண்டு, அந்த நேரத்துல வேற எந்த ரிக்வெஸ்ட்டும் நகராது. அசிங்க் (மத்த வேலைய நிறுத்தாம பின்னாடி ஓடுற) வெர்ஷனுக்கு மாத்துனதும் சரியாச்சு, ஆனா அதுலயும் த்ரெட் பூல் டீஃபால்ட்டா 4 தான், ஒரே நேரத்துல 4 செக் தான் ஓடும்ங்கறத மனசுல வெச்சிக்கோங்க. லாகின் பக்கத்துக்கு ரேட் லிமிட் (எத்தனை தடவை முயற்சி பண்ணலாம்ங்கற கட்டுப்பாடு) இல்லன்னா இதே மெதுவை வெச்சு உங்க சர்வரை யாரு வேணா கவுக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச பக். ஒருத்தர் எழுதிருந்தாரு, போன்ல லாகின் ஆகுது, கம்ப்யூட்டர்ல ஆகல, அதே பாஸ்வேர்டு தான் சார், கண்ணால பாத்து அடிக்கிறேன். வழக்கமா வர்றது தானேன்னு கேப்ஸ் லாக் பாருங்கன்னு பதில் போட்டேன். அவரு, தமிழ்ல ஏது சார் கேப்ஸ் லாக்னு கேட்டாரு. அப்ப தான் பாஸ்வேர்டு தமிழ்ல வெச்சிருக்காருன்னே தெரிஞ்சுது.

பாஸ்வேர்டைக் கேக்க முடியாது, கேக்கவும் கூடாது. அதனால ஒரு சின்ன டெஸ்ட் பேஜ் போட்டு, ரெண்டு மெஷின்லயும் 'கொடி'ன்னு அடிச்சு அனுப்புங்கன்னு சொன்னேன். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான். எண்ணிப் பாத்தா போன்லேந்து வந்தது 4 கோடு பாயின்ட் (யூனிகோடுல ஒவ்வொரு குறிக்கும் இருக்குற நம்பர்), கம்ப்யூட்டர்லேந்து வந்தது 5. போன் கீபோர்டு 'ொ'வ ஒரே குறியா அனுப்புது, கம்ப்யூட்டர்ல அவர் போட்டிருந்த பழைய கீபோர்டு ஒற்றைக்கொம்பு தனி கால் தனின்னு ரெண்டா அனுப்புது. யூனிகோடுல ரெண்டுமே சரி, ஸ்க்ரீன்ல வித்தியாசமே தெரியாது, ஆனா ஹாஷுக்குப் போற பைட்டு வேற, அதனால ஹாஷும் வேற. தீர்வு ரெண்டு வரி தான், ஹாஷ் பண்றதுக்கு முன்னாடி என்எஃப்சி நார்மலைஸ் பண்ணி ரெண்டையும் ஒரே வடிவமாக்கிடணும், சைன் அப், லாகின், ரீசெட் மூணு இடத்துலயும். ஏற்கனவே இருக்குற ஹாஷுக்கு நார்மலைஸ் பண்ணி ஒரு தடவை, வந்தபடியே ஒரு தடவைன்னு ரெண்டும் செக் பண்ணி, எது சரியா வந்தாலும் புதுசா எழுதி வெச்சிடணும்.

அத தோண்டும்போது தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. பிகிரிப்ட் முதல் 72 பைட்டு தான் பாக்கும், அதுக்கு மேல என்ன அடிச்சாலும் நிறைய லைப்ரரிக்குக் கவலையில்ல. இங்கிலீஷ்ல 72 எழுத்து யாரும் அடிக்கிறதில்ல, அதனால யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா யூடிஎஃப்-8ல (யூனிகோடை பைட்டா எழுதுற முறை) தமிழ் குறி ஒவ்வொண்ணும் 3 பைட்டு, 'தமிழ்'ங்கற சின்ன வார்த்தையே புள்ளி, கொக்கி எல்லாம் சேத்து 5 குறி, 15 பைட்டு. அந்த சைஸ்ல அஞ்சு வார்த்தைய ஸ்பேஸ் விட்டு பாஸ்வேர்டா வெச்சீங்கன்னா அஞ்சாவது வார்த்தை பாதியிலேயே காணாம போயிடும், மிச்சத்துல என்ன தப்பா அடிச்சாலும் உள்ள விட்டுடும். இது சும்மா தியரி இல்ல, 2024 அக்டோபர்ல லாகின் சேவை விக்கிற ஆக்டா கம்பெனியே இதுல மாட்டுச்சு, யூசர் ஐடி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூணையும் ஒட்டி பிகிரிப்ட் பண்ணி கேஷ் கீயா (முன்னாடி நடந்த லாகினை தேடி எடுக்குற அடையாளமா) வெச்சிருந்தாங்க, யூசர்நேம் 52 எழுத்தோ அதுக்கு மேலயோ இருந்தா பாஸ்வேர்டுக்கு இடமே மிச்சமில்ல. நான் இப்ப மொதல்ல எவ்ளோ நீளமா இருந்தாலும் ஒரே சைஸுக்கு சுருக்குற ஷா-256, அத பேஸ்64 (வெறும் சாதாரண எழுத்தா எழுதுற முறை) ஆக்கி, அதுக்கப்புறம் பிகிரிப்ட்னு போறேன். பேஸ்64 எதுக்குன்னா, ஷா குடுக்குற பச்சை பைட்டுல நடுவுல ஒரு ஜீரோ வந்துட்டா சில லைப்ரரி அங்கயே முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கும்.

லாக் விஷயத்துக்கு வரேன். ரிக்வெஸ்ட் பாடிய (யூசர் ஃபார்ம்ல அடிச்சு அனுப்புறத) அப்படியே லாக் ஃபைல்ல எழுதக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் நடக்குது, 2018ல ட்விட்டர் இதுக்காக 33 கோடி பேரை பாஸ்வேர்டு மாத்த சொல்லுச்சு. நான் அத ஒழுங்கா மறைச்சுட்டேன், பாஸ்வேர்டு ஃபீல்டு வந்தா ஸ்டார் தான். ஆனா ஃபெயில் ஆன லாகினுக்கு யூசர்நேமை மட்டும் லாக் பண்ணேன், எவனாவது தாக்குறானான்னு பாக்க. ஒரு நாள் வேற எதுக்கோ லாகை திறந்தா, 'இப்படி ஒரு யூசர் இல்லை'ன்னு ஒரு வரி, யூசர்நேம் இடத்துல பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், கடைசியில ஆச்சரியக்குறி. நாலு செகண்டு கழிச்சு அதே ஐபிலேந்து சரியான யூசர்நேமோட லாகின் சக்ஸஸ். புரியுதா? அவசரத்துல பாஸ்வேர்டை மேல் பாக்ஸ்ல அடிச்சு என்டர் தட்டிட்டாரு, அடுத்த வரியில தன் பேரையும் எழுதி குடுத்துட்டாரு. தேடிப் பாத்தா அந்த மாதிரி நிறைய. இப்ப இல்லாத யூசர்நேம் வந்தா அத எங்கயும் எழுதறதில்ல, ஐபியும் நேரமும் மட்டும் தான். அதோட யூசரே இல்லன்னாலும் ஒரு டம்மி ஹாஷை வெச்சு செக் பண்ணிட்டு தான் பதில் அனுப்புறேன், இல்லன்னா பதில் வர்ற வேகத்தை வெச்சே யாருக்கு அக்கவுண்ட் இருக்குன்னு கண்டுபுடிச்சிடலாம்.

90 நாளுக்கு ஒரு தடவை மாத்துங்கற ரூலையும் தூக்கிட்டேன். அமெரிக்க அரசோட தரநிலை அமைப்பு என்ஐஎஸ்டி 2017லயே வேணாம்னு சொல்லிடுச்சு, மேனேஜர்களுக்கு புரிய வெக்க தான் இன்னும் கொஞ்ச வருஷம் ஆச்சு. பதிலா புதுசா பாஸ்வேர்டு வெக்கும்போது அது ஏற்கனவே லீக் ஆன லிஸ்ட்ல இருக்கான்னு ஹேவ் ஐ பீன் போண்டுங்கற சைட்ல பாக்குறேன், ஷா-1 ஹாஷோட முதல் 5 எழுத்தை மட்டும் தான் அனுப்பணும், முழுசு வெளிய போகாது. ட்ரை பண்ணி பாருங்க, நல்லா இருக்கு.

இன்னிக்கு புதுசா ஆரம்பிச்சா பிகிரிப்ட் எடுப்பேனா? மாட்டேன், ஆர்கான்2ஐடி (ஆர்கான்2ல ஒரு வகை) எடுப்பேன், 2015ல பாஸ்வேர்டு ஹாஷுக்குன்னே போட்டி வெச்சு ஜெயிச்சது ஆர்கான்2, மெமரியும் தின்னும், அதனால கிராபிக்ஸ் கார்டுக்காரனுக்கு இன்னும் கஷ்டம், 72 பைட்டு தொல்லையும் இல்ல. ஆனா ஓடிக்கிட்டிருக்குறத காஸ்ட் 12ல அப்படியே விட்டு வெச்சிருக்கேன், அவசரமா மாத்துற அளவுக்கு ஒண்ணும் கெட்டுப் போகல.

அந்த பழைய எம்டி5 கதையில ஒரு பாக்கி இருக்கு. லாகினே பண்ணாம கெடந்தவங்க ஹாஷை அப்படியே விட முடியாதே, அந்த எம்டி5 மேலயே பிகிரிப்ட் போட்டு மூடி வெச்சிருந்தேன். போன மாசம் பாத்தா இன்னும் முன்னூத்தி சில்லறை அக்கவுண்ட் அப்படியே இருக்கு. ஹாஷை அழிச்சுட்டு, அடுத்த தடவை வரும்போது ரீசெட் பண்ணிக்கட்டும்னு விட்டுட்டேன். அதுல ஒண்ணு நான் மொத வாரத்துல போட்ட டெஸ்ட் அக்கவுண்ட், மெயில் ஐடிய தப்பா அடிச்சு வெச்சிருக்கேன், ரீசெட் லிங்க் எந்த புண்ணியவானுக்கு போகுதோ.