ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ‘லைஃப்டைம் லைசென்ஸ்’: பணம் கட்டும் முன் படியுங்கள்

மோஷன் கிராஃபிக்ஸ் (எழுத்தையும் படத்தையும் அசையவைக்கும் கலை) கற்க முடிவு செய்து நாலு வீடியோ பார்த்த உடனேயே இந்த விளம்பரம் கண்ணில் பட ஆரம்பித்துவிடும்: அதற்கான அடோபி நிறுவனத்தின் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புதிய பதிப்பு, ஆயுள் முழுக்கச் செல்லும் லைசென்ஸ், ஒரே தடவை பணம், கூடவே எல்லா ப்ளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), சில ஆயிரம் டெம்ப்ளேட்டுகளும் (ஆயத்த வடிவமைப்புகள்).

அப்படி ஒரு லைசென்ஸ் உலகத்திலேயே கிடையாது. அடோபி 2013இல் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா முறைக்கு மாறியது. ஒரே தடவை பணம் கட்டிச் சொந்தமாக வாங்கக்கூடியதாக வந்த கடைசி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், 2012இல் வெளியான சிஎஸ்6. அதற்குப் பிறகு வந்த எல்லாமே சந்தாதான். ஆகவே புதிய பதிப்பை ‘லைஃப்டைம்’ என்று யார் விற்றாலும், கையில் வரப்போவது மூன்றில் ஒன்று: கிராக் செய்த (லைசென்ஸ் பூட்டை உடைத்த) மென்பொருள், ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் இரவல் இடம், அல்லது யாரோ ஒரு மாணவரின் பெயரில் எடுத்த கல்விக் கணக்கு.

ஏமாந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் நடக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பணம் போனதும் ஒரு ஜிப் கோப்புக்கான இணைப்பு வரும். அதற்குப் பாஸ்வேர்டு இருக்கும், அதே செய்தியிலேயே அந்தப் பாஸ்வேர்டையும் கொடுத்திருப்பார்கள். இது உங்கள் பாதுகாப்புக்காக அல்ல. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பின் உள்ளே இருப்பதை மின்னஞ்சல் சேவையோ, பிரவுசரோ, ஆண்டிவைரஸோ திறந்து சோதிக்க முடியாது என்பதற்காகத்தான். அடுத்து, ‘ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள், அது தவறாக எச்சரிக்கும்’ என்பார்கள். தயங்கினால், ‘எனிடெஸ்க் எண்ணைக் கொடுங்கள், நானே போட்டுத் தருகிறேன்’ என்பார்கள் (எனிடெஸ்க், ஒரு கணினியை வேறிடத்திலிருந்து இயக்க உதவும் மென்பொருள்). அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கணினியின் அட்மின் உரிமை முழுவதும் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் இருக்கிறது.

மென்பொருள் திறக்கும், வேலையும் செய்யும். அதனால்தான் பலரும் ஏமாந்ததை உணர்வதே இல்லை. சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. இப்படிப்பட்ட பொதிகளோடு வருவதில் மிக மோசமானது தகவல் திருடும் நிரல். அது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு நிற்காது, லாகின் குக்கீகளையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் சிறு பதிவுகள்) எடுத்துப்போகும். குக்கீ கையில் இருந்தால், ஏற்கெனவே லாகின் செய்தவர் போலவே உள்ளே போகலாம். பாஸ்வேர்டும் தேவையில்லை, இரட்டைச் சரிபார்ப்பு எண்ணும் தேவையில்லை. யூடியூப் சேனல் நடத்துபவர்களைக் குறிவைத்து இப்படிக் குக்கீ திருடும் கும்பல்களைப் பற்றி கூகுளின் பாதுகாப்புக் குழு 2021 அக்டோபரில் விரிவாகவே எழுதியது. மோஷன் கிராஃபிக்ஸ் கற்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சேனலோ, வாடிக்கையாளரின் பக்கத்துக்கான லாகினோ இருக்கும். திருடுபவருக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டாவது வகை இன்னும் நம்பும்படியாக இருக்கும். உங்கள் மின்னஞ்சலுக்கு அடோபியிலிருந்தே உண்மையான அழைப்பு வரும். ஏற்றுக்கொண்டால் எல்லா மென்பொருள்களும் முறையாக இறங்கும், அப்டேட்டும் வரும். இதில் என்ன தவறு என்று தோன்றும். நீங்கள் சேர்ந்திருப்பது யாரோ ஒருவரின் நிறுவனக் கணக்கில், ஒரு பணியாளரைப் போல. அந்தக் கணக்கின் நிர்வாகி ஒரு பட்டனைத் தட்டினால் உங்கள் இடம் போய்விடும். நிறுவனக் கணக்கின் கிளவுடில் சேமித்த கோப்புகள் அந்த நிறுவனத்துக்கே உரியவை, திருப்பிக் கேட்க உங்களுக்கு வழியில்லை. அடோபி ஃபான்ட்ஸில் இருந்து எடுத்த எழுத்துருக்களும் அன்றே அணைந்துவிடும். ஒப்படைக்க வேண்டிய நாளின் காலையில் டைட்டில் எல்லாம் வேறு எழுத்துருவில் நிற்கும். கணக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் திட்டத்தை வேறொரு நிறுவனம் நிர்வகிக்கிறது என்று காட்டினால், சந்தா உங்களுடையது அல்ல.

மாணவர் கணக்கு விற்பவர்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கல்விக் கணக்கு கைமாற்றக் கூடாதது. தகுதியை மறுபடி சரிபார்க்கும் நாளில் நின்றுவிடும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இந்த லைசென்ஸ் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகும்? தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் என் கணக்கில் நானே பார்க்க முடியுமா?’ நேராகப் பதில் சொல்லாமல் தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று பேச்சை மாற்றினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கூடவே தரும் டெம்ப்ளேட் மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பணம் கொடுப்பதே அதற்காகத்தான். அதில் பெரும்பகுதி உரிமையில்லாமல் நகலெடுத்தவை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பயன்படுத்தவே வராது. திறந்ததும் ‘மிஸ்ஸிங் எஃபெக்ட்ஸ்’ என்று எச்சரிக்கை வந்தால், டெம்ப்ளேட் செய்தவர் எலிமென்ட் 3டி, ஆப்டிகல் ஃப்ளேர்ஸ், டிராப்கோட் பார்ட்டிகுலர் போன்ற தனியாக வாங்க வேண்டிய ப்ளகினைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். படம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் தெரிந்தால் மூலக் கோப்பைப் பொதியில் சேர்க்கவில்லை. டெம்ப்ளேட்டை ஒழுங்காகப் பொதிபவர் ‘கலெக்ட் ஃபைல்ஸ்’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்திருப்பார். உங்களுடையதைவிடப் புதிய பதிப்பில் சேமித்த ஏஇபி கோப்பு (ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ப்ராஜெக்ட் கோப்பு) உங்களிடம் திறக்கவே திறக்காது.

ஒன்றை மட்டும் நீங்களே சரிசெய்ய முடியும். பழைய டெம்ப்ளேட்டில் எக்ஸ்பிரஷன் (அசைவைக் கட்டுப்படுத்தும் சிறு நிரல் வரி) பிழை வரிசையாக வந்தால், ஃபைல் மெனுவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறந்து, எக்ஸ்பிரஷன்ஸ் பகுதியில் இன்ஜினை ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து லெகஸி எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின் வருவதற்கு முன் எழுதிய எக்ஸ்பிரஷன்கள் பல அதில் ஓடாது. முறையான கடையில் டெம்ப்ளேட் வாங்கும்போதும் பதிப்பு, ப்ளகின் பட்டியல், அளவும் ஃப்ரேம் ரேட்டும், எழுத்துரு ஆகியவற்றைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். முன்னோட்டத்தில் கேட்கும் இசை பெரும்பாலும் பொதியில் இருக்காது.

மூட்டையில் ஜேஎஸ்எக்ஸ், ஜேஎஸ்எக்ஸ்பின் என்று முடியும் கோப்புகள் இருந்தால் அவை ஸ்கிரிப்ட்கள். ஸ்கிரிப்ட் என்பது உங்கள் கணினியில் ஓடும் நிரல். ப்ரெஃபரன்ஸில் ஸ்கிரிப்டிங் அண்ட் எக்ஸ்பிரஷன்ஸ் பகுதியில், கோப்பு எழுதவும் இணையத்தை அணுகவும் ஸ்கிரிப்டுக்கு அனுமதி தரும் டிக் ஒன்று இருக்கிறது. நம்பகமான ஸ்கிரிப்டுக்குத் தேவைப்படும்போது மட்டும் அதைப் போடுங்கள். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளிலும் இதே கதைதான். ‘ஆட்டோ ரன் பைத்தான் ஸ்கிரிப்ட்ஸ்’ இயல்பாக அணைந்தே இருக்கும். எங்கிருந்தோ இறக்கிய கோப்புக்காக அதை இயக்காதீர்கள்.

உண்மையில், தொடங்குவதற்குப் பணமே தேவையில்லை. ஏமாற்றப்படுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்காமல் போவது இதனால்தான். பிளெண்டர் 2002 முதல் திறமூல (மூல நிரல் எல்லாருக்கும் திறந்த) மென்பொருள். முப்பரிமாணம், கேமரா டிராக்கிங், காம்போசிட்டிங் (பல காட்சிகளை ஒன்றாகச் சேர்ப்பது), கிரீஸ் பென்சில் (இருபரிமாண வரைதல்) எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதைப் பெயர் மாற்றி, ‘புதிய அனிமேஷன் மென்பொருள்’ என்று காசுக்கு விற்பவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் கூகுள் தேடலில் பிளெண்டர் என்று தேடியவர்களுக்கு மேலே வந்த சில விளம்பரங்கள் போலித் தளங்களுக்குக் கொண்டுபோய்த் தீநிரலை இறக்கின. விளம்பரம் என்று போட்ட முடிவைத் தவிர்த்து, முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். இறக்கிய கோப்பில் சந்தேகம் இருந்தால் விண்டோஸில் பவர்ஷெல் திறந்து, கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளைக்குப் பின் கோப்பின் பாதையைக் கொடுங்கள். வரும் எஸ்எச்ஏ256 எண் (கோப்பின் கைரேகை போன்றது), அதிகாரப்பூர்வத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும்.

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே 2018இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் ஃப்யூஷன் என்ற காம்போசிட்டிங் கருவி உள்ளே இருக்கிறது. லேயர்களை அடுக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு செயலையும் ஒரு பெட்டியாக வைத்துக் கோடுகளால் இணைக்கும் நோடு முறை, பழகச் சில வாரம் ஆகும். ஆனால் விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவுகள்) பக்கம் போக நினைப்பவருக்கு நோடு முறையில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். இலவசப் பதிப்பின் வெளியீடு 3840x2160 அளவு, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை. கற்கிறவருக்கு இது தாராளம். ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோ மட்டும் உண்மையிலேயே ஒரே தடவை பணம், ஆனால் ஒரு கீ ஒரே நேரத்தில் இரண்டு கணினிக்குத்தான். மலிவாக விற்கும் கீயை அதே ஆள் இன்னும் எத்தனை பேருக்கு விற்றார் என்று உங்களுக்குத் தெரியாது. இன்னொருவர் ஆக்டிவேட் செய்யும்போது நீங்கள் வெளியே தள்ளப்படலாம்.

விஎஃப்எக்ஸ் மென்பொருள்களான நியூக், ஹூடினி இரண்டுக்கும் கற்பவர்களுக்கான இலவசப் பதிப்பு உண்டு. நியூக் நான்-கமர்ஷியல் 1920x1080க்கு மேல் வெளியிடாது. ஹூடினி அப்ரென்டிஸ் ரெண்டரில் (வெளியாகும் இறுதிப் படத்தில்) வாட்டர்மார்க் போடும், கோப்பு ஹிப்என்சி என்ற தனி வடிவில் சேமிக்கப்படும். இவற்றைக் கற்க மட்டும் பயன்படுத்தலாம், காசு வாங்கும் வேலைக்குக் கூடாது. இதே இலவசப் பதிப்பை ‘ஃபுல் வெர்ஷன்’ என்று விற்பதும் நடக்கிறது. வாங்கியவர் முதல் ரெண்டரில் வாட்டர்மார்க்கைப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்தான் வேண்டும், முறையாகவே எடுக்கிறேன் என்பவரும் ஒரு இடத்தில் கவனிக்க வேண்டும். 7 நாள் இலவசச் சோதனை முடிந்ததும் தானாகவே கட்டணச் சந்தாவாக மாறும். ‘ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டணம்’ என்பது மாதச் சந்தா அல்ல, ஓராண்டு ஒப்பந்தம். முதல் 14 நாட்களுக்குப் பின் நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இது வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே போட்டது. இரண்டு மாதம் மட்டும் பழகிப் பார்க்க நினைத்தால், விலை கூடினாலும் உண்மையான மாதத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சோதனை முடியும் நாளுக்கு முந்தைய நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பு விற்பவர்களிலும் இதே ஆட்கள் இருக்கிறார்கள். ‘கட்டணத்தில் மென்பொருளும் அடங்கும்’ என்றால் பெரும்பாலும் கிராக்தான். கூடவே, ‘வகுப்பு முடியும்போது ஷோரீல் தயார்’ என்ற வாக்குறுதி வரும் (ஷோரீல் என்பது வேலை தேடும்போது காட்டும் மாதிரி வீடியோ). மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்த ரீலை, ஆள் எடுப்பவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். பயிற்சிக்கு எந்தக் காட்சிகளைத் தருவீர்கள்? 4:2:0 முறையில் அழுத்திய மொபைல் வீடியோவை மட்டும் கொடுத்தால் க்ரீன்ஸ்கிரீன் கீயிங் (பச்சைப் பின்னணியை நீக்குவது) சரியாக வராது. நிறத் தகவல் குறைவாக இருப்பதால் தலைமுடியும் உருவத்தின் விளிம்பும் படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டுப்படும், தப்பு தன் கையில்தான் என்று மாணவர் நினைத்துக்கொள்வார். இரண்டாவது, என் ரோட்டோ வேலையை (உருவத்தின் விளிம்பை வரைந்து பின்னணியிலிருந்து பிரிப்பது) யார் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துத் திருத்துவார்? கை முழுவதற்கும் ஒரே ஷேப் போடாமல் மேற்கை, முன்கை, உள்ளங்கை என்று மூட்டுக்கு மூட்டுப் பிரிப்பது, ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீ (ஷேப்பின் நிலையைப் பதியும் குறி) போடாமல் அசைவு திசை மாறும் இடங்களில் மட்டும் போடுவது, இதையெல்லாம் யாராவது பக்கத்தில் இருந்து திருத்தினால்தான் கை பழகும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடத்தில் வீடியோ பதிவுகளை மட்டுமே விற்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கி இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா? முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், திருடுபோன குக்கீ செத்துப்போவது இந்த வெளியேற்றத்தில்தான். பிறகு வங்கி, சேனல், மற்றவை. அட்டையில் கட்டியிருந்தால் விளம்பரம், உரையாடல், ரசீது மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டுடன் அட்டை கொடுத்த வங்கியிடம் உடனே முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

அடுத்து வீடியோ, படம், ஒலி, ப்ராஜெக்ட் கோப்புகளை மட்டும் வெளி டிரைவுக்கு எடுத்துக்கொண்டு விண்டோஸை முழுவதுமாக அழித்து மறுபடி போடுங்கள். ப்ளகின் ஃபோல்டரையும் இன்ஸ்டாலர்களையும் திரும்பக் கொண்டுவராதீர்கள். ஆண்டிவைரஸ் ஸ்கேனை மட்டும் நம்பி விட்டுவிடுவதும் போதாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்தால் காரணம் தெரியும்: தன் ஃபோல்டரை யாரும் சோதிக்கக் கூடாது என்று கிராக் இன்ஸ்டாலர் அங்கே தானே எழுதி வைத்திருக்கலாம். மறுபடி போட உடனே வழியில்லாமல் தற்காலிகமாகச் சுத்தம் செய்பவர்கள் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போய் எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பாருங்கள். அடோபியின் முகவரிகளை அடைத்து வைத்த வரிகள் அங்கே இருந்தால், பின்னாளில் பணம் கட்டி வாங்கும் உண்மையான சந்தாகூட அந்தக் கணினியில் லாகின் ஆகாது.