இரண்டு ரவுட்டர், ஒரே கேட்வே: மூன்று வருட அனுபவம்

எங்கள் அலுவலக நெட்வொர்க்கில் இரண்டு ரவுட்டர்களை வி.ஆர்.ஆர்.பி.யில் (ஒரு ரவுட்டர் போனால் இன்னொன்று தானாக அதன் இடத்தைப் பிடிக்கும் முறை) போட்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒரே ரவுட்டர்தான். அது படுத்தால் மொத்த அலுவலகமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இரண்டு ரவுட்டருக்கும் பொதுவான ஓர் ஐ.பி. முகவரி இருக்கும், கணினிகளுக்கு அதுதான் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல். மாஸ்டராக, அதாவது அந்த நேரத்தில் வேலை பார்க்கும் ரவுட்டராக, இருப்பது நொடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (குழுவுக்குப் பொதுவான) முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும். தொடர்ந்து மூன்று அறிவிப்பு வராவிட்டால் காத்திருக்கும் மற்ற ரவுட்டர், அதாவது பேக்கப், பொறுப்பேற்கும். அதன் பிரயாரிட்டி (யார் மாஸ்டர் என்று முடிவுசெய்யும் எண், அதிகம் உள்ளதே மாஸ்டர்) 100 என்றால் சுமார் 3.6 நொடி ஆகும். முதல் நாள் பிங்கை (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று நொடிக்கு ஒருமுறை கேட்கும் சோதனை) ஓடவிட்டு மாஸ்டரின் பவர் கேபிளைப் பிடுங்கினேன். நான்கு பதில் வரவில்லை, அப்புறம் வரிசை பழையபடி ஓடியது. அன்றைய சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ரவுட்டர் முழுசாகச் சாவது அபூர்வம். ஆறாவது மாதத்தில் மாஸ்டரின் இணைய லைன் மட்டும் போனது. உள்பக்க போர்ட் உயிரோடு இருந்ததால் அறிவிப்புகள் போய்க்கொண்டே இருந்தன, பேக்கப் அசையவில்லை. பக்கத்திலேயே பேக்கப்பிடம் தனியாக நல்ல லைன் இருந்தும் இருபது நிமிடம் யாருக்கும் இணையம் இல்லை. வி.ஆர்.ஆர்.பி.க்கு உள்பக்கம் மட்டும்தான் தெரியும் என்பது அன்றுதான் உறைத்தது. அன்றே லைனைக் கண்காணிக்கும் டிராக்கிங் போட்டேன்: மாஸ்டருக்குப் பிரயாரிட்டி 120, லைன் போனால் அதில் 30 குறையும், 100-இல் இருக்கும் பேக்கப் மேலே வந்துவிடும். போர்ட் நிலையை மட்டும் நம்பாதீர்கள். மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதற்கு அப்பால் லைன் அறுந்திருக்கும். வெளியே ஒரு முகவரிக்கு பிங் போகிறதா என்று பார்க்க வையுங்கள்.

பிரீஎம்ப்ட்டும், அதாவது பிரயாரிட்டி அதிகமுள்ள ரவுட்டர் திரும்பி வந்ததும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதும், படுத்தியது. ரீபூட் ஆன மாஸ்டர், ரூட்டுகளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்பதை) கற்றுக்கொள்ளும் முன்பே பதவிக்குத் திரும்பி, வந்த டிராஃபிக்கை எல்லாம் தொலைத்தது. இரண்டு நிமிட டிலே வைத்ததும் சரியானது.

சுமைப் பகிர்வுக்கு இரண்டு வி.ஆர்.ஆர்.பி. குரூப் வைத்திருக்கிறேன். பாதி வி.லேன்களுக்கு (அலுவலக நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த பகுதிகள்) முதல் ரவுட்டர் மாஸ்டர், மீதிக்கு இரண்டாவது. பகிர்வு சமமாக அமைந்ததே இல்லை. வீடியோ மீட்டிங் அதிகம் உள்ள வி.லேன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். அதைவிட முக்கியம், இரண்டு லைனும் 70 சதவீதத்தில் ஓடினால் ஒன்று போகும்போது மற்றதால் தாங்க முடியாது. உச்ச நேரத்திலும் ஒவ்வொன்றும் 45 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். தாண்டினால் பெரிய லைன் கேட்டுவிடுவேன்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. இரண்டு லைனுக்கும் வெளி ஐ.பி. வேறு வேறு என்பதால், லைன் மாறும்போது நாட் (உள் முகவரிகளை வெளி ஐ.பி.யாக மாற்றும் வசதி) வழியாகத் திறந்திருந்த இணைப்புகள் அறுந்துவிடும். பிரவுசரில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. வி.பி.என்.னில் இருப்பவர் மறுபடி லாகின் செய்ய வேண்டும். அதனால் திட்டமிட்ட மாற்றங்களையெல்லாம் இரவில்தான் செய்கிறேன்.