பட்டணத்துக் கிறிஸ்துவத் தனியார் பள்ளி: சேர்க்கைப் பாரத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சிறு பட்டணத்தில் பலரும் இதை மிஷன் ஸ்கூல் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. பழைய மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் அரசு உதவி பெறுபவை. பதிவு கல்வி அமைச்சு வழியாக, மாதக் கட்டணம் இல்லை. இது தனியார் பள்ளி. இடம் தருவதும் மறுப்பதும் பள்ளியின் முடிவு.

வயதில் மட்டும் தளர்வு கிடையாது. 2026 முதலாம் ஆண்டுக்கு 2.1.2019 முதல் 1.1.2020 வரை பிறந்த பிள்ளைகள்தான். ஒரு நாள் தாண்டினாலும் கவுண்டரில் பாரத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அது சரிதான்.

கேட்கும் தாள்கள்: சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), அப்பா அம்மா ஐசி (அடையாள அட்டை), தடுப்பூசிப் புத்தகம், பாஸ்போர்ட் அளவுப் படம். அசலும் நகலும் வேண்டும். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்கு மைகிட் செல்லாது. 12 வயதிலேயே பெரியவர்களுக்கான அடையாள அட்டையான மைகாட் எடுத்திருக்க வேண்டும். வேறு பள்ளியிலிருந்து மாறினால் பழைய பள்ளியின் விலகல் கடிதமும் சேரும்.

தாள் இருந்தும் சிக்குவது பெயரில்தான். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா முனியாண்டி பெயரின் கடைசி ஆங்கில எழுத்து 'ஐ', அவர் ஐசியில் 'ஒய்'. கவுண்டரில் இருக்கும் அம்மா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, தேசியப் பதிவிலாகாவில் திருத்திக்கொண்டு வரச் சொல்வார். அதற்குக் காலம் பிடிக்கும், ஆகவே பாரம் வாங்கும் முன்பே இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கோயிலில் தாலி கட்டி, பதிவிலாகாவில் பதியாத தம்பதியரின் பிள்ளைக்கு அப்பா இடம் காலியாக இருக்கலாம். 1.3.1982 முதல், முஸ்லிம் அல்லாத நம் திருமணங்களைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அம்மா நேரில் வந்து கையெழுத்திட்டால் இந்தப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது, கேள்வி கேட்டுக் கூச வைப்பதில்லை. இதற்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம்.

இனி மூன்றாம் பக்கம். பிள்ளையைப் படமெடுக்க அனுமதி கேட்கும் வரிக்குக் கீழே, அதே பொடி எழுத்தில், ஆராதனையிலும் வேதாகம வகுப்பிலும் கலந்துகொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி. 'வேண்டாம்' என்று குறிக்கக் கட்டம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 12(3) பிரிவு, தன் சமயம் அல்லாத வழிபாட்டிலோ போதனையிலோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் சமயத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர், அது 12(4). விருப்பமில்லையா, அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டு, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் மறுப்பதில்லை, தாமாகச் சொல்வதும் இல்லை. ஆராதனை நேரத்தில் பிள்ளை நூலகத்தில் உட்காரும். மதிப்பெண்ணும் குறையாது, தேர்வுப் பாடம் நன்னெறிக் கல்விதான்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைப் படிவம் ஒன்றில் சேர்ப்பவர்கள் தமிழ் வகுப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்ற விதி தேசியப் பள்ளிகளுக்கானது. இங்கே தமிழ் வகுப்பு இல்லை. படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுத நினைத்தால் வெளியே டியூஷன்தான்.

பணத்தில் கவனம் தேவை. பதிவுக் கட்டணம் திரும்பாது. முன்பணம் திரும்பும், ஆனால் விலகுவதாக ஒரு தவணைக்கு முன்பே எழுத்தில் தந்திருந்தால் மட்டும். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்ததும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதில்தான் பணத்தை இழக்கிறார்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள், அசல் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கவுண்டர் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையிலும் திறந்திருக்கும். தோட்டத்தில் அரை நாள் சம்பளம் போகாமல் வந்து முடிக்க அதுதான் தோது; எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும்.