கச்சேரி 'பேக்கேஜ்' டிக்கெட்: வடசென்னை ராக் ரசிகர்கள் கவனத்துக்கு

வெளியூர் ராக் கச்சேரிக்கு டிக்கெட்டும் ரூமும் சேர்த்து ஏற்பாடு செய்து தருகிறேன் என்று பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். 2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் அமெரிக்க ராக் பேண்ட் கன்ஸ் அண்ட் ரோஸஸ் வாசித்தபோது, நானும் என் அக்கா மகனும் செல்லாத டிக்கெட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றோம். அடுத்த கச்சேரிக்கு அதே ஆள் அதே வேலையை ஆரம்பித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இந்த பேண்ட் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பெரம்பூரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்த ரயில்வே குடியிருப்புத் தெருக்களில் கிடார் சத்தம் எப்போதும் கேட்கும். கானாவையும் ராக்கையும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1991 செப்டம்பரில் அவர்களுடைய 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஆல்பங்கள் இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டை நாடா தேய்கிற அளவுக்கு ஓட்டினோம். கேபிள் டிவி வந்த பிறகு, 'நவம்பர் ரெயின்' பாட்டு வீடியோவில் பேண்டின் கிடாரிஸ்ட் ஸ்லாஷ் தேவாலயத்தைவிட்டு வெளியே வந்து புழுதியில் நின்று வாசிக்கும் இடத்துக்காகவே மணிக்கணக்கில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம்.

2012 டிசம்பரில் அவர்கள் முதல் தடவை இந்தியா வந்தார்கள். பெங்களூரு, மும்பை, குர்கான் மூன்று ஊரிலும் வாசித்தார்கள். ஆனால் அப்போது பேண்டில் ஸ்லாஷும் இல்லை, பேஸ் கிடார் வாசிக்கும் டஃப் மெக்கேகனும் இல்லை. 2016இல்தான் அந்த இருவரும் பாடகர் ஆக்ஸல் ரோஸோடு மறுபடி சேர்ந்தார்கள். ஆக, மூன்று பேரும் சேர்ந்து இந்த பேண்டாக இந்திய மேடையில் நின்றது 2025 மே மாதத்தில்தான். ஆக்ஸலுக்கு அப்போது வயது 63. அடுத்து எப்போது வருவார்கள், வந்தாலும் எந்த ஊருக்கு வருவார்கள், யாருக்குத் தெரியும்? இந்தத் தவிப்பு நம்மிடம் இருப்பது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். அயர்ன் மெய்டன் 2007இல் பெங்களூரு வந்தபோதும், மெட்டாலிகா 2011இல் வந்தபோதும் நம் ஏரியாப் பசங்க ரயிலேறித்தான் போனார்கள். பெரிய பேண்ட் எதுவானாலும் நாம்தான் வெளியூர் போக வேண்டும். ரயில், ரூம், டிக்கெட் எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியிருப்பதால், 'எல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்று ஒருவர் சொன்னால் பெரிய நிம்மதி.

ஆள் புதியவர் இல்லை. பல வருடமாக வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் சபரிமலைக்கும் வேன் விடுகிறவர். எங்கள் தெருவிலேயே அவர் வேனில் போய்வந்த குடும்பங்கள் உண்டு. ஒருவரையும் நடுவழியில் விட்டதில்லை. சொன்ன விலையும் சந்தேகப்படும்படி இல்லை. அசல் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட, அதற்கும் "சர்வீஸ் சார்ஜ் அண்ணே" என்று காரணம் வைத்திருந்தார். ரயில் டிக்கெட்டை நாங்களே போட்டுக்கொண்டோம். கச்சேரி டிக்கெட், ரூம் இரண்டுக்கும் சேர்த்து இருவருக்கும் 22,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். அனுப்பச் சொன்ன நம்பர் அவருடையது இல்லை. கேட்டதற்கு, "அது மெயின் பார்ட்டி நம்பர் அண்ணே, டிக்கெட் அவர்கிட்டதான் இருக்கு" என்றார்.

அதன்பிறகு எப்போது டிக்கெட் கேட்டாலும் ஒரே பதில்தான்: "க்யூஆர் கோட் கடைசி ரெண்டு நாள்லதான் ஓப்பன் ஆகும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய கச்சேரிகளில் க்யூஆர் கோடைக் கடைசி நேரத்தில் திறந்துவிடும் வழக்கம் உண்டு. ஆனால் அப்போதும் அது முன்பதிவு செய்தவரின் செயலிக்குள்தான் திறக்கும். எங்களுக்கு வந்தது பிடிஎஃப். அதுவும் சென்ட்ரலிலிருந்து ரயில் கிளம்பி அரக்கோணம் தாண்டிய பிறகு.

மும்பையில் ரூம் சரியாக இருந்தது. அவர் சொன்ன லாட்ஜ், சொன்ன பெயரில், பணம் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் டிக்கெட்டும் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு நிம்மதியாகிவிட்டது. இந்த ஏமாற்றில் ரொம்ப மோசமான பகுதி இதுதான் என்பேன். செலவு குறைவான பாதியை நேர்மையாகச் செய்துவிட்டு, பெரிய தொகையில் கைவைக்கிறார்கள்.

மகாலட்சுமி ஸ்டேஷனில் இறங்கினால் ரேஸ் கோர்ஸ் பக்கம்தான். கூட்டத்தோடு நடந்தோம். எங்கு பார்த்தாலும் கறுப்பு டிஷர்ட். அக்கா மகன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தான். அவன் கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே ஸ்லாஷைப் பார்த்துத்தான். வரிசையில் எங்கள் முறை வந்தது. கேட்டில் இருந்த பெண் ஸ்கேனரை அவன் போனுக்கு நேரே பிடித்தார். சிவப்பு விளக்கு. போனின் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி மறுபடி பிடித்தார். மறுபடியும் சிவப்பு. "மாமா, ஏற்கெனவே உள்ள போயாச்சுன்னு காட்டுது மாமா" என்று அவன் சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. என்னுடையதுக்கும் அதே கதி. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், பின்னால் வரிசை நீள்கிறது, ஓரமாக நின்று வாங்கியவரிடம் பேசிப் பாருங்கள் என்றார்.

ஓரத்தில் எங்களுக்கு முன்பே சிலர் நின்றிருந்தார்கள். தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் பக்கத்தில் போனேன். ஒருவர் ராயபுரம், கூட வந்தவர் அவருடைய தம்பி. இருவர் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பதிவு எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பின்னணியைவிடக் கொஞ்சம் வெளுப்பாக ஒரு கட்டம், அதன்மேல் வேறு எழுத்துருவில் எங்கள் பெயர். போனில் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படவே படாது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து டிரம்ஸ் சத்தம் அதிர ஆரம்பித்தது. அக்கா மகன் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பிள்ளையை அந்த நிலையில் நிறுத்தியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஊருக்கு வந்து நேரில் போய்க் கேட்டேன். ஆள் ஓடி ஒளியவில்லை. "எனக்கு மேல ஒருத்தன் அண்ணே, அவன் என்னையும் ஏமாத்திட்டான்" என்று கைவிரித்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அதே டிக்கெட்டில் உள்ளே போன இரண்டு பேரின் போட்டோவைக் காட்டி, "பாருங்க, இவங்க போயிருக்காங்களே" என்றார். இதைப் புரிந்துகொண்டால் மொத்த வித்தையும் புரிந்துவிடும். அசலாக ஒரு டிக்கெட் இருக்கும். அதன் பிரதியைப் பலரிடம் விற்பார்கள். யார் முதலில் கேட்டுக்குப் போகிறாரோ அவருக்குப் பச்சை, மற்ற எல்லோருக்கும் சிவப்பு. உள்ளே போனவர் போடும் போட்டோதான் அடுத்த கச்சேரிக்கு விளம்பரம். அந்த போட்டோ இப்போது அவர் ஸ்டேட்டஸில் இருக்கிறது.

இது இந்த ஒரு ஆளோடு நிற்கிற விஷயமும் இல்லை. பிரிட்டிஷ் பேண்ட் கோல்ட்பிளேயின் மும்பை கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்றபோது நடந்த கள்ளச்சந்தை பற்றி 2024 அக்டோபரில் அமலாக்கத்துறை பல நகரங்களில் சோதனை போட்டது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகப் போலி டிக்கெட் விற்றது அதில் வெளியே வந்தது. பெரிய ஊர்களில் முகம் தெரியாதவன் செய்ததை நம் ஏரியாவில் முகம் தெரிந்தவர் மூலமாகச் செய்கிறார்கள்.

இனி யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பிடிஎஃப்போ ஸ்க்ரீன்ஷாட்டோ டிக்கெட் ஆகாது என்பதில் உறுதியாக இருங்கள். விற்ற தளத்தின் செயலியில், உங்கள் சொந்த மொபைல் நம்பருக்குக் கீழே டிக்கெட் வந்து உட்கார வேண்டும். மாற்றித்தரும் வசதி அந்தக் கச்சேரிக்கு இருக்கிறதா என்பதைத் தளத்திலேயே பாருங்கள். இல்லை என்றால் வாங்கவே வேண்டாம். பேசுகிறவர் ஒருவர், பணம் போகிற கணக்கு இன்னொருவருடையது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "கடைசி ரெண்டு நாள்" என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு உடனே அழைத்தால், பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கில் முடக்க வாய்ப்பு இருக்கிறது. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். கேட்டில் சிவப்பு விளக்கு எரியும்போது நீங்கள் பணம் அனுப்பி வாரக்கணக்கில் ஆகியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. நான் அழைத்த நேரத்தில் அந்தக் கணக்கு காலி.

என்றாலும் புகார் கொடுத்திருக்கிறேன். 1930க்குப் பேசியதோடு, cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்து ஒப்புகை எண் வாங்கினேன். ரூம் பணத்தைக் கழித்துக்கொண்டு ஒரு சின்னத் தொகையைத் திருப்பித் தருவதாகவும், புகாரை வாபஸ் வாங்கும்படியும் சொல்லி அந்த வேன்காரர் ஒருவரை அனுப்பினார். மறுத்துவிட்டேன். ராயபுரம் சகோதரர்களும் தனியாகப் புகார் கொடுத்துவிட்டார்கள்.

இதே ஆளிடம் கட்டி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீதில் இருக்கும் 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண், பிடிஎஃப்பின் அசல் கோப்பு, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். அவரவர் பெயரில் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். பணம் போன கணக்கு எல்லாப் புகாரிலும் ஒன்றாக இருந்தால், 'என்னையும் ஏமாத்திட்டான்' என்ற கதையை அவர் போலீஸிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. வரப்போகிற கச்சேரிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் நாளைக்கு என்று தள்ளிப் போடாமல் இன்றே 1930க்கு அழையுங்கள். உங்கள் பணம் இன்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கக்கூடும்.